காய்ச்சல், அழற்சி, மனப்பிறழ்வு: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயைப் பற்றி முன்பு நீங்கள் எழுதிய கட்டுரையை என் தோழி அனுப்பியிருந்தாள். அதில் உங்கள் அண்ணனைப் பற்றிய பகுதியைப் படித்த பிறகுதான் உங்களுக்கு எழுதும் தைரியம் வந்தது.

என் மகனுக்கு 19 வயது. எட்டு மாதங்களாக அவன் அவனாக இல்லை. கல்லூரிக்குப் போவதை முதலில் குறைத்துக்கொண்டான், பிறகு நிறுத்தியே விட்டான். வகுப்பில் யாராவது சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்கிறான். கொஞ்ச நேரம் கழித்து, ‘அப்படி இருக்காதும்மா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது’ என்று அவனே சொல்கிறான். இரண்டு மூன்று முறை யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது என்றான். இதை இப்போது சைக்கோசிஸ், அதாவது மனப்பிறழ்வு என்று சொல்ல முடியாது, ஆனால் அதற்கான ஆபத்து கூடிய நிலை என்று மனநல மருத்துவர் சொன்னார். மாதம் இருமுறை வரச் சொல்லிப் பேச்சுச் சிகிச்சையைத் தொடங்கியிருக்கிறார். என் தம்பிக்கு 22 வயதில் மனச்சிதைவு வந்தது. அதனால் எனக்குப் பயம் அதிகம்.

இதற்கிடையில் உறவினர் ஒருவர் ஒரு காணொளியை அனுப்பினார். மனநோய் என்பதே மூளையில் வரும் அழற்சிதான், நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சரிசெய்தால் மனநோய் தானாகவே போய்விடும், மனநல மருந்துகள் வீண் என்று அதில் பேசுகிறார்கள். அவர்கள் சொன்னபடி மகனுக்கு ரத்தப் பரிசோதனை செய்தேன். சி.ஆர்.பி. 6.8 என்று வந்திருக்கிறது. அழற்சியைக் குறைக்கும் மாத்திரையும் மீன் எண்ணெயும் கொடுத்து, மருத்துவரிடம் போவதைச் சில மாதம் நிறுத்திப் பார்க்கலாமா?

இன்னொன்று. இவன் வயிற்றில் இருந்தபோது, ஐந்தாம் மாதத்தில், எனக்கு ஃப்ளூ காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்திருந்தேன். தாய்க்கு வரும் காய்ச்சல் பிள்ளைக்கு இந்த நோயைக் கொண்டுவரும் என்று அதே காணொளியில் சொல்கிறார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

ச. (பெயர் சுருக்கப்பட்டுள்ளது)

அன்புள்ள ச.,

நீங்கள் கடைசியில் எழுதியதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தின் பாரம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

என் அண்ணனுக்கு நோய் வெளிப்பட்ட பிறகு என் அம்மா 31 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். அந்த ஆண்டுகளில் எத்தனையோ முறை அவர் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். சுண்டுவிரலின் அடிக்கணுவில் கட்டைவிரலை வைத்து, ஒவ்வொரு கணுவாகத் தொட்டு மாதங்களை எண்ணிக்கொண்டே வந்து, அண்ணனைச் சுமந்திருந்தபோது தனக்குக் காய்ச்சல் வந்த மாதத்தின் கணுவில் விரலை நிறுத்திவிடுவார். அதற்கு மேல் எண்ண மாட்டார். அவரிடம் யாரும் எந்த ஆய்வையும் சொல்லியிருக்கவில்லை. பிள்ளைக்கு நோய் என்றால் தன் உடம்பில்தான் காரணத்தைத் தேட வேண்டும் என்று அவராகவே முடிவு செய்துகொண்டிருந்தார். இன்று ஒரு காணொளி அதே முடிவை விஞ்ஞானத்தின் பெயரால் உங்கள் கையில் கொடுத்திருக்கிறது. ஆகவே அந்த விஞ்ஞானம் உண்மையில் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

1957ஆம் ஆண்டு உலகெங்கும் ஒரு ஃப்ளூ கொள்ளைநோய் பரவியது. அந்த மாதங்களில் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் கருவில் இருந்தவர்களைப் பின்னாளில் மருத்துவமனைப் பதிவுகளில் தேடிப் பார்த்த ஓர் ஆய்வு 1988இல் வெளிவந்தது. கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களில் கொள்ளைநோய்க் காலத்தைக் கடந்தவர்களிடம் மனச்சிதைவு கூடுதலாகக் காணப்படுகிறது என்று அது சொன்னது. இந்தத் துறையின் பெரும்பகுதி அந்த ஆய்விலிருந்துதான் கிளைத்தது. ஆனால் அதில் எந்தத் தாய்க்கு உண்மையிலேயே காய்ச்சல் வந்தது என்பதற்குச் சான்று இல்லை. ஊரில் காய்ச்சல் இருந்தது என்பது மட்டுமே தெரியும். அதே 1957 கொள்ளைநோயைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை 2010இல் ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபோது அந்தக் கூடுதல் நிலைக்கவில்லை. கலிபோர்னியாவில் 1959க்கும் 1966க்கும் இடையில் கர்ப்பிணிகளிடமிருந்து எடுத்துப் பாதுகாத்த ரத்த மாதிரிகளை 2004இல் பரிசோதித்த ஆய்வு இதைவிட நேரடியானது. முதல் மூன்று மாதங்களில் ஃப்ளூ வந்திருந்தால் ஆபத்து ஏழு மடங்கு என்ற எண் அங்கிருந்துதான் பரவியது. அந்த ஆய்வில் நோயுற்ற பிள்ளைகள் மொத்தம் 64 பேர். அவர்களிலும் மிகச் சிலரின் தாய்மார்களுக்கே ஃப்ளூவின் தடயம் இருந்தது. ஆகவே அந்த ஏழு மடங்கு புள்ளியியல் உறுதிக்கான வரம்பைத் தொடவில்லை. ஐந்தாம் மாதமும் அந்த முதல் மூன்று மாதங்களுக்குள் வருவதில்லை.

கணக்கை உங்களுக்குப் பாதகமாகவே வைத்துக்கொள்வோம். மனச்சிதைவு வாழ்நாளில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு வருகிறது. தாயின் காய்ச்சல் அதை இரண்டு மடங்காக்குகிறது என்றே எடுத்துக்கொண்டாலும், காய்ச்சல் வந்த நூறு தாய்மார்களின் பிள்ளைகளில் 98 பேருக்கு அந்த நோய் வராது. கர்ப்பிணிக்குக் காய்ச்சல் வந்தால் உடனே சிகிச்சை பெற வேண்டும் என்பதற்கு வேறு வலுவான காரணங்கள் பல உண்டு. படிக்கும் கர்ப்பிணிகள் அதை மறக்க வேண்டாம். ஆனால் 19 ஆண்டுகளுக்கு முன் நான்கு நாள் வந்து போன ஒரு காய்ச்சலைக் காட்டி, உங்கள் மகனின் இன்றைய நிலைக்கு இதுதான் காரணம் என்று சொல்ல எந்த ஆய்வாளருக்கும் ஆதாரம் கிடையாது. இதை என் அம்மாவுக்கு உரிய காலத்தில் எடுத்துச் சொல்ல எனக்கு அறிவு போதவில்லை. உங்களுக்குச் சொல்ல முடிகிறது.

இனி அழற்சிக்கு வருகிறேன். அந்தக் காணொளி ஒன்றுமில்லாததை ஊதிப் பெருக்கவில்லை. உண்மையான ஒரு துறையை எடுத்து, அது சொல்லாத முடிவை அதன் வாயில் வைத்திருக்கிறது. தொற்றும் உடலின் எதிர்ப்பும் மனத்தைக் குலைக்கும் என்பது பழைய அறிவு. ஒருகாலத்தில் மனநோய் விடுதிகளில் பெருமளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்த ஒரு வகைப் பைத்தியம், சிஃபிலிஸ் கிருமி மூளைக்குள் புகுந்ததன் விளைவு என்பது 1913இல் நிறுவப்பட்டது. இறந்தவர்களின் மூளையிலேயே கிருமியைக் கண்டார்கள். மலேரியாக் காய்ச்சலை வேண்டுமென்றே உண்டாக்கி அந்த நோயைத் தணித்த வாக்னர் யாவ்ரெக் என்ற ஆஸ்திரிய மருத்துவருக்கு 1927இல் நோபல் பரிசு கிடைத்தது. பின்னர் பென்சிலின் வந்ததும் அந்த நோய் விடுதிகளிலிருந்து ஏறக்குறைய மறைந்தது. மிச்சமிருக்கும் மனப்பிறழ்வுகளுக்கும் இப்படி ஒரு தெளிவான உடல் காரணம் அகப்படும் என்ற நம்பிக்கை அன்று முதல் இருந்து வருகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அந்த நம்பிக்கையோடுதான் இந்த ஆய்வுகளைப் படிக்கத் தொடங்கினேன்.

இன்றைய ஆய்வுகளில் மிக வலுவானது மரபணுக்களிலிருந்து வந்தது. மனச்சிதைவோடு தொடர்புடைய மரபணுப் பகுதிகளைத் தேடியபோது, எல்லாவற்றிலும் பெரிய தடயம் ஆறாவது குரோமோசோமில், எதிர்ப்பு மண்டலத்தின் மரபணுக்கள் அடர்ந்திருக்கும் இடத்தில் கிடைத்தது. ஸ்டீவன் மெக்கரோல், பெத் ஸ்டீவன்ஸ் முதலியோரின் குழு, நோயுள்ளவர்கள் ஏறத்தாழ 29,000 பேரையும் நோயற்றவர்கள் ஏறத்தாழ 36,000 பேரையும் ஒப்பிட்டு, அந்தத் தடயத்தின் ஒரு பகுதி சி4 என்ற மரபணுவிலிருந்து வருகிறது என்று 2016இல் காட்டியது. ரத்தத்தில் சி4 புரதத்தின் வேலை எளிமையானது: உள்ளே வந்த கிருமியின் மேல் ‘இதை அழி’ என்று ஓர் அடையாளத்தை ஒட்டும் வரிசையில் அதுவும் ஒன்று. மூளையிலும் அது இருக்கிறது. அங்கே அது ஒட்டிக்கொள்வது நரம்பணுக்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களான நரம்பிணைப்புகளில். அடையாளம் ஒட்டப்பட்ட இணைப்பை மைக்ரோக்ளியா என்ற காவல் அணுக்கள் வந்து விழுங்கிவிடும். கேட்பதற்குப் பயங்கரமாக இருந்தாலும் இது நோயின் வேலை இல்லை, வளர்ச்சியின் வேலை. குழந்தைப் பருவத்தில் தேவைக்கு மேல் முளைத்த இணைப்புகளை விடலைப் பருவத்தில் கழித்துவிட்டுத்தான் மூளை முதிர்கிறது. சிலருக்கு, அவர்களுடைய சி4 வகையின் காரணமாக, இந்தக் கழிப்பு கொஞ்சம் கூடுதலாக நடந்துவிடுகிறது என்பதே கருத்து. நோய் ஏன் பெரும்பாலும் 16 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் வெளிப்படுகிறது என்ற பழைய கேள்விக்கு இவ்வளவு பொருத்தமான விடை இதற்கு முன் வந்ததில்லை. முதல் முறை படித்தபோது நான் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டேன். அண்ணனின் 20ஆம் வயது எனக்குக் கண்முன் வந்து நின்றது.

ஆனால் அந்த மரபணு தனியாக எவ்வளவு ஆபத்தைக் கூட்டுகிறது என்று பார்த்தால், மிகுந்த ஆபத்துள்ள வகைக்கும் மிகக் குறைந்த வகைக்கும் இடையில் சுமார் 1.3 மடங்குதான் வேறுபாடு. மேலும் 2020இல் அதே குழுவினர் கண்டது, மனச்சிதைவின் ஆபத்தைக் கூட்டும் அதே சி4 வகைகள் லூபஸ் என்ற தன்னுடல் தாக்குநோயிலிருந்து மனிதரைக் காக்கின்றன என்பது. முடக்குவாதத்தின் ஒரு வகையான ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் மனச்சிதைவு உள்ளவர்களிடம் குறைவாகவே காணப்படுகிறது என்பதும் பல பத்தாண்டுகளாகக் கவனிக்கப்பட்டு வருகிறது. எதிர்ப்பு மண்டலம் என்பது மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் வசதியான ஒற்றை விசையாக இருந்தால், இப்படி ஒரே மரபணு ஒரு நோயைக் கொடுத்து இன்னொன்றைத் தடுப்பதற்கு இடமே இல்லை. ‘எதிர்ப்பு மண்டலத்தைச் சரிசெய்தால்’ என்று அந்தக் காணொளி ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. எந்தப் பகுதியை, எந்த வயதில், எந்தப் பக்கமாகச் சரிசெய்வது என்பதற்கு அதில் விடை இல்லை.

உடலில் எங்கோ இருக்கும் அழற்சி மனத்தை எப்படி எட்டும் என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். எதிர்ப்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று சைட்டோகைன் என்ற புரதங்களால் பேசிக்கொள்கின்றன. இன்டர்லூக்கின்-6 அவற்றில் ஒன்று. காய்ச்சல் வந்தால் நமக்கு வரும் சோர்வும், யாரோடும் பேசப் பிடிக்காமல் போவதும் இந்தப் புரதங்கள் மூளையில் உண்டாக்கும் மாற்றங்களே. இவை மிகுந்திருக்கும்போது உடல் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தை வேறு வழியில் சிதைக்கிறது, அதன் ஒரு விளைபொருளாகக் கைன்யூரெனிக் அமிலம் மூளையில் உருவாகிறது. நரம்பணுக்களில் உள்ள என்எம்டிஏ ஏற்பி என்ற வாயிலை அது அடைக்கக்கூடியது. மயக்க மருந்தான கெட்டமின் அடைப்பதும் அதே வாயிலைத்தான். குறைந்த அளவில் கெட்டமினைப் பெற்ற நலமான மனிதர்களுக்கும் சற்று நேரம் மனப்பிறழ்வைப் போன்ற அனுபவங்கள் வருவதுண்டு. மனச்சிதைவு உள்ளவர்களின் தண்டுவட நீரில் இந்த அமிலம் கூடுதலாக இருப்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2001இல் அறிவித்தார்கள். இந்த வாயிலின் பெயரை நினைவில் வைத்திருங்கள், கொஞ்சம் தள்ளி மறுபடியும் வரும்.

மக்கள்தொகை அளவிலும் தொடர்பு தெரிகிறது. டென்மார்க்கின் முப்பது ஆண்டுப் பதிவேடுகளை ஆராய்ந்து 2011இல் வந்த ஆய்வின்படி, தன்னுடல் தாக்குநோய் இருந்தவர்களுக்கு மனச்சிதைவு வகை நோய்களின் ஆபத்து 29 சதவீதமும், மருத்துவமனைக்குச் செல்லும் அளவுக்குத் தொற்று வந்தவர்களுக்கு 60 சதவீதமும் கூடுதலாக இருந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1991, 1992 ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வில், ஒன்பது வயதில் ரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 மிகுந்திருந்த மூன்றிலொரு பங்குப் பிள்ளைகளுக்கு, மிகக் குறைவாக இருந்த மூன்றிலொரு பங்கினரைவிட, 18 வயதில் மாயக்குரல் முதலிய அனுபவங்கள் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காக இருந்தது என்று 2014இல் எழுதினார்கள். அந்த அனுபவங்களுக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே ரத்தத்தில் ஒரு சாயல் என்பதால் இது பரவலாகப் பேசப்பட்டது. அதே பிள்ளைகளின் அதே வயது சி.ஆர்.பி. அளவு அப்படி எந்தத் தொடர்பையும் காட்டவில்லை. இந்த வரி எங்கும் பரவவில்லை. உங்கள் கையில் இருப்பது சி.ஆர்.பி. சீட்டு என்பதால் நான் அதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன்.

சி.ஆர்.பி. என்பது கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். உடலில் எங்கே அழற்சி இருந்தாலும் இன்டர்லூக்கின்-6 கல்லீரலுக்குச் செய்தி சொல்ல, கல்லீரல் அதைச் சுரக்கும். எங்கே, எதனால் என்று அது சொல்லாது. ஈறு வீங்கியிருந்தாலும், ஒரு வாரத்துக்கு முன் சளி பிடித்திருந்தாலும், உடல் எடை கூடியிருந்தாலும், புகைத்தாலும் லிட்டருக்கு 6.8 மில்லிகிராம் வரலாம். நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972, 1973 ஆண்டுகளில் பிறந்தவர்களைத் தொடர்ந்த ஆய்வு, சிறு வயதில் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு வளர்ந்த பிறகும் சி.ஆர்.பி. கூடுதலாக இருப்பதைக் காட்டியது. சிறுவயதுத் துன்பம் மனப்பிறழ்வின் ஆபத்தையும் கூட்டும் என்பதால், இரண்டும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருக்கும்போது ஒன்று மற்றதன் காரணம் என்று சொல்லிவிட முடியாது. சி.ஆர்.பி.யைப் பிறவியிலேயே கொஞ்சம் உயர்த்தி வைக்கும் மரபணு வகைகளை எடுத்துக்கொண்டு பார்த்த ஆய்வில், அவ்வகை உள்ளவர்களுக்கு மனச்சிதைவின் ஆபத்து சற்றுக் குறைவாகவே வந்தது. ஆகவே அந்தச் சீட்டை உங்கள் குடும்ப மருத்துவரிடம் காட்டி, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். மகனின் பல்லையும் ஈறையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். மனப்பிறழ்வு வருமா வராதா என்பதை அதில் தேட வேண்டாம்.

எதிர்ப்பு மண்டலமே நேரடிக் காரணமாக இருக்கும் ஓர் இடம் உண்மையிலேயே உண்டு. அதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். 2007இல் ஜோசப் டால்மாவ் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும், திடீரென மனம் குலைந்த 12 பெண்களைப் பற்றி எழுதினார்கள். பெரும்பாலோருக்குச் சினைப்பையில் ஒரு கட்டி இருந்தது. அந்தக் கட்டியில் நரம்புத் திசுவும் இருந்ததால் உடல் அதற்கு எதிராக ஆன்டிபாடிகள் என்ற எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கியிருந்தது. அவை மூளைக்குச் சென்று என்எம்டிஏ ஏற்பிகளைப் பற்றி, நரம்பணுவின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துவிடுகின்றன. முன்பு சொன்ன அதே வாயில்தான். இங்கே அது அடைபடுவதற்குப் பதிலாக அகற்றப்படுகிறது. கட்டி இல்லாமலும், ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும் இது வருவதுண்டு. என் நண்பரின் மகளுக்கு வந்தபோது அருகில் இருந்து பார்த்தேன். ஒரு வாரம் தலைவலியும் லேசான காய்ச்சலும் இருந்தன. பிறகு தூக்கம் போயிற்று, வீட்டார் தன்னைக் கொல்லப் பார்ப்பதாகச் சொன்னாள். பத்தாம் நாள் பேச்சு குழறி நின்றது. உதடுகள் எதையோ சப்புவது போல ஓயாமல் அசைந்தன, வலது கை காற்றில் எதையோ பின்னிக்கொண்டே இருந்தது. அவளைச் சேர்த்திருந்த இடத்தில் இதை மனநோய் என்று மட்டும் எண்ணி மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். வலிப்பு வந்த பிறகுதான் முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தார்கள். ஸ்டீராய்டு, பிளாஸ்மா மாற்றம், பிறகு கட்டியை அகற்றும் அறுவை என்று மாதக்கணக்கில் போயிற்று. இன்று அவள் வேலைக்குப் போகிறாள். இந்த நோய் வந்த 577 பேரைத் தொடர்ந்து 2013இல் வந்த ஆய்வில், இரண்டு ஆண்டு முடிவில் ஐந்தில் நால்வர் நன்றாகத் தேறியிருந்தார்கள். சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கியவர்கள் கூடுதலாகத் தேறினார்கள்.

உங்கள் மகனின் கதை இப்படி இல்லை. அவனுடைய மாற்றம் எட்டு மாதங்களாக மெல்ல நடந்திருக்கிறது. இந்த வகை மூளை அழற்சி பெரும்பாலும் நாள்களிலும் வாரங்களிலும் முற்றும். என்றாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய அறிகுறிகளை எழுதிவிடுகிறேன், உங்களுக்கு இல்லையென்றாலும் படிக்கும் வேறொருவருக்கு உதவும். மனக்குலைவோடு காய்ச்சலோ புதிய கடும் தலைவலியோ இருப்பது, வலிப்பு வருவது, முகத்திலும் கைகளிலும் காரணமற்ற அசைவுகள் தோன்றுவது, பேச்சு குறைந்து நின்றுபோவது, கல்லாய் உறைந்து உட்கார்ந்திருப்பது, நாளும் கிழமையும் இடமும் மறந்து குழம்புவது, மனநல மருந்தின் சிறு அளவுக்கே உடல் விறைத்துக் காய்ச்சல் ஏறுவது. இவற்றில் ஏதாவது இருந்தால், நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டுமா, மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும் தண்டுவட நீர்ச் சோதனையும் தேவையா என்று தயங்காமல் கேளுங்கள்.

மாத்திரைகளையும் மீன் எண்ணெயையும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மைக்ரோக்ளியாவை அமைதிப்படுத்தும் என்ற எதிர்பார்ப்போடு மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை, மனச்சிதைவு வகை நோய் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன 207 பேருக்குப் பிரிட்டனில் ஓராண்டு வரை சோதித்தார்கள். 2018இல் வந்த முடிவில் வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. மீன் எண்ணெயின் கதை உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது, ஏனென்றால் அதை உங்கள் மகனைப் போன்ற ஆபத்து நிலையில் உள்ளவர்களிடமே சோதித்தார்கள். வியன்னாவில் 81 இளைஞர்களிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், மூன்று மாதம் எண்ணெய் உண்டவர்களில் ஓராண்டுக்குள் மனப்பிறழ்வுக்குப் போனவர்கள் நூற்றுக்கு ஐந்து, வெற்று மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு 27. காணொளிகள் இங்கேயே நின்றுவிடுகின்றன. பல நாடுகளில் 304 பேரை வைத்து அதே சோதனையைப் பெரிதாகச் செய்து 2017இல் வெளியிட்டபோது, இரு பக்கமும் நூற்றுக்குப் பதினொன்று என்றே வந்தது. மருத்துவர் தடை சொல்லவில்லை என்றால் எண்ணெயைக் கொடுப்பதில் பெரிய கேடு இல்லை, ஆனால் அதை நம்பி வேறு எதையும் நிறுத்தக் கூடாது. ஸ்டீராய்டை மட்டும் யார் சொன்னாலும் வீட்டில் தொடாதீர்கள். அழற்சியை அடக்குவதில் அதற்கு நிகரான மருந்துகள் குறைவு, என் நண்பரின் மகளைக் காப்பாற்றியதில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் 1972இல் பாஸ்டனில் தொகுத்த கணக்கின்படி, நாளொன்றுக்கு 80 மில்லிகிராமுக்கு மேல் பிரட்னிசோன் என்ற ஸ்டீராய்டைப் பெற்ற நோயாளிகளில் 18 சதவீதத்தினருக்கு அந்த மருந்தாலேயே மனக்குலைவு வந்தது. 40 மில்லிகிராம் வரை பெற்றவர்களில் அது 1.3 சதவீதம். அழற்சியைக் குறைத்தால் மனம் சரியாகும் என்ற விதி உண்மையாக இருந்தால் இப்படி நடந்திருக்க முடியாது.

மருத்துவரிடம் போவதை நிறுத்தலாமா என்ற கேள்விக்கு என் பதில் கூடாது என்பதே. ஆபத்து கூடிய நிலை என்ற கருத்தும் அதற்கான தனிச் சிகிச்சையகமும் மெல்பர்னில் 1990களில் பேட்ரிக் மெக்கோரி, அலிசன் யங் ஆகியோரின் முயற்சியில் உருவாயின. அந்நிலையில் உள்ளவர்களில் மூன்று ஆண்டுகளுக்குள் மனப்பிறழ்வுக்குப் போகிறவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் என்று இதுவரை நடந்த ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. மூவர் போவதில்லை. போகிறவர்களுக்கும், தொடக்கத்திலேயே யாராவது கவனித்துக்கொண்டிருந்தால், சிகிச்சை இல்லாமல் கழியும் காலம் குறைகிறது. அந்தக் காலம் எவ்வளவு குறுகியதோ அவ்வளவுக்கு நோய் தணிவது எளிதாகிறது. என் அண்ணனுக்கு அந்தக் காலம் நான்கு ஆண்டுகள். உங்கள் மகனின் மருத்துவர் மருந்தை அவசரப்பட்டுத் தொடங்காமல் பேச்சுச் சிகிச்சையோடு கவனித்துவருவது, இந்த நிலைக்கு இன்று பரிந்துரைக்கப்படும் முறைதான். அவனுடைய தூக்கத்தைக் காப்பாற்றுங்கள். கஞ்சா பழக்கம் இருக்கிறதா என்று கோபமில்லாமல் கேளுங்கள். இருந்தால் அதை நிறுத்துவது, நீங்கள் வாங்கக்கூடிய எந்த அழற்சி மாத்திரையைவிடவும் பயனுள்ளது. சாக வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா என்றும் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

உங்கள் கடிதத்தில் ரத்தச் சீட்டைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, மகன் சொன்ன இரண்டாவது வாக்கியம். ‘என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்’ என்று சொன்ன பிறகு, ‘அப்படி இருக்காதும்மா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது’ என்று அவனே சொல்கிறான். ஆபத்து நிலைக்கும் மனப்பிறழ்வுக்கும் இடையில் மருத்துவர்கள் தேடும் எல்லை பெரும்பாலும் அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சந்திப்புக்கும் முன்னால், அந்த இரண்டு வாரத்தில் முதல் வாக்கியம் எத்தனை முறை வந்தது, இரண்டாவது எவ்வளவு நேரத்தில் வந்தது, எந்த நாளில் அவன் தூங்கவில்லை என்று தேதியோடு ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அவனுக்குத் தெரியாமல் எழுத வேண்டாம்; அவனிடம் காட்டி, சரிதானா என்று கேட்டு எழுதுங்கள். இரண்டாவது வாக்கியம் வராமல் போகத் தொடங்கினால், அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரை அழையுங்கள்.

அன்புடன்.